ஆணியில்லாத மரச்சட்டக வீடு: இணைப்புகளை வரைவதும் வெட்டுவதும், எங்கே பிசகும் என்பதும்

கேள்வி இது: தூண், உத்தரம் (தூண்களின் மேல் சுவர்நீளத்துக்குக் கிடக்கும் சட்டம்), விட்டம் (எதிரெதிர்ப் பக்கங்களைக் குறுக்கே கட்டும் சட்டம்), கைமரம் எல்லாவற்றையும் கையால் வெட்டிய இணைப்புகளைக் கொண்டே சேர்த்து ஒரு சிறிய வீட்டுச் சட்டகத்தை எழுப்ப முடியுமா? பச்சை மரத்தில் வெட்டலாமா, உலர்ந்த மரம்தான் வேண்டுமா? இணைப்பின் குறுக்கே அடிக்கும் மரமுளைகள் எவ்வளவு தாங்கும்? புதிதாகச் செய்பவர்கள் எங்கே தவறுகிறார்கள்?

முடியும். பச்சை மரத்தில் வெட்டலாம். பெரிய சட்டங்களில் பெரும்பாலும் அப்படித்தான் வெட்டியாக வேண்டும். முளை தாங்குவதைப் பற்றி முதலில் ஒரு திருத்தம். நன்றாக வரைந்த சட்டகத்தில் வீட்டின் எடை முளைகளின் மேல் ஏறாது. ஒரு மரத்தின் முனையில் துளைக்குள் நுழையும் மெல்லிய பகுதி நாக்கு; அதன் அடியைச் சுற்றி நிற்கும் முழுக்கன விளிம்பு தோள். அந்தத் தோள் இன்னொரு மரத்தின் மேல் உட்கார்ந்து எடையை இறக்கிவிடும். இணைப்பு திறந்துகொள்ளாமல் பிடித்திருப்பதுதான் முளையின் வேலை. எந்த இணைப்பைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது இரண்டு: முளையை உருவிவிட்டால் எடை எதன் மேல் நிற்கும்? மரம் சுருங்கிய பிறகும் அங்கேயே நிற்குமா? கைவெட்டு இணைப்புகளின் விதிகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டாவது கேள்வியிலிருந்து வந்தவை. ஆகவே சுருக்கத்திலிருந்து தொடங்குகிறேன்.

மரம் நீளவாக்கில் சுருங்குவது மிகக் குறைவு. பச்சையிலிருந்து முழுதும் உலரும் வரை 0.1 முதல் 0.2 சதவீதம்தான். குறுக்குவாக்கில் அப்படியில்லை. நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஒரு சுருக்கம், வளையங்கள் ஓடும் திசையில் அதைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்குக்கும் மேலான சுருக்கம். வெள்ளை ஓக் மரத்தில் இவை 5.6, 10.5 சதவீதம், டக்ளஸ் ஃபிர் மரத்தில் 4.8, 7.6, தேக்கில் 2.5, 5.8. தேக்கு ஏன் இணைப்பு வேலைக்குப் பெயர்பெற்றது என்பதற்கு இந்த எண்களே பதில். இவை ஈரமே இல்லாத நிலை வரைக்குமான கணக்கு. வீட்டுக்குள் மரம் சுமார் 12 சதவீத ஈரத்தில் நின்றுவிடும் என்பதால் ஐந்தில் மூன்று பங்கை எடுத்துக்கொண்டால் போதும். அப்படிப் பார்த்தால் 200 மி.மீ. அகலமுள்ள பச்சை ஓக் உத்தரம் உலர்ந்து முடிவதற்குள் 7 முதல் 13 மி.மீ. வரை ஒடுங்கிவிடும். அதன் 4 மீட்டர் நீளத்திலோ 5 மி.மீ.கூடக் குறையாது.

ஈரம் 28–30 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய பிறகுதான் இந்தச் சுருக்கம் தொடங்கும். அதனால் வெட்டிய சில வாரங்களில் மரம் அசையாமல் இருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. முழுதும் உலர்ந்த பெரிய மரத்துக்காகக் காத்திருப்பதும் நடைமுறைக்கு ஒத்துவராது. காற்றில் உலர 25 மி.மீ. கனத்துக்கு ஓராண்டு என்பது பலகைகளுக்கான கைக்கணக்கு, 200 மி.மீ. சட்டத்துக்கு அதை நீட்டிப் பார்த்தால் எத்தனை ஆண்டு ஆகும் என்று தெரியும். பச்சை மரம் உளிக்கு இளக்கமாகவும் இருக்கும். ஆகவே தூண், உத்தரம், விட்டம் பச்சையாக இருக்கலாம். முளை, ஆப்பு இரண்டும் மட்டும் கட்டாயம் உலர்ந்திருக்க வேண்டும். சாய்வுச் சட்டங்கள் உலர்ந்ததாகக் கிடைத்தால் நல்லது.

தண்டின் மையமான நடுநெட்டியை உள்ளே வைத்து அறுத்த சட்டம் வெடிக்காமல் இருக்காது. வளையத் திசையில் அதிகம் சுருங்கும் மரம் தன்னைத்தானே கிழித்துக்கொண்டுதான் ஆக வேண்டும். நெட்டிக்கு மிக அருகில் இருக்கும் முகத்தில்தான் பெரிய வெடிப்பு விழும். இது முன்கூட்டியே தெரிவதால் அந்த முகத்தை எங்கே வைப்பது என்பதை நாமே தீர்மானிக்கலாம். நாக்கை நடுவில் பிளக்கும்படி வெடிப்பு ஓடக்கூடிய இடத்தில் வைக்காதீர்கள். வெளிச்சுவரில் மழைநீர் தேங்கும்படி மேல்நோக்கியும் வைக்காதீர்கள். மற்றபடி நீளவாக்கில் ஓடும் வெடிப்பு ஒரு உத்தரத்தின் பலத்தைப் பெரிதாகக் குறைப்பதில்லை. வீட்டுக்காரர் பயப்படுவது பெரும்பாலும் இந்த வெடிப்பைப் பார்த்துத்தான். பயப்பட வேண்டியது கணுவின் அருகே குறுக்காக ஓடும் விரிசலுக்கு.

மரம் தேர்வில் நான் பார்க்கச் சொல்வது நான்கு. இழை சட்டத்தின் விளிம்போடு எவ்வளவு ஒத்து ஓடுகிறது என்பது முதலாவது. 10 அங்குல நீளத்தில் 1 அங்குலத்துக்கு மேல் விலகினால் அதை உத்தரமாகப் போடாமல் குட்டைத் துண்டுகளுக்கு ஒதுக்குங்கள். இழை திருகி ஏறும் மரம் உலரும்போது முறுக்கிக்கொள்ளும். அதுவும் பட்டை உரித்த தண்டில் இழை இடப்பக்கமாகத் திருகி ஏறினால் முறுக்கு இன்னும் மோசம். இணைப்பு வரும் இடத்தில் பெரிய கணு இருக்கக் கூடாது. அடிச்சட்டத்திலும் வெளியே தெரியும் சட்டங்களிலும் வெளிறு (பட்டையை ஒட்டிய வெளிர்நிற மரம்) இருக்கக் கூடாது, வைரம் பாய்ந்த பகுதி மட்டுமே. வளைந்த மரமாக இருந்தால் கூனல் மேலே பார்க்கும்படி உத்தரத்தைப் போட வேண்டும்.

இனி கோடு போடும் வேலை. வெட்டுவதைக் கற்றுக்கொள்ளச் சில நாள் போதும். சட்டகம் ஒன்றுக்கொன்று பொருந்துவதும் பொருந்தாததும் வரைவிலேயே முடிவாகிவிடுகிறது. இதற்கு மூன்று வழிகள் நிலைத்திருக்கின்றன.

ஒன்று, மரத்தின் மேல் மரத்தைக் கிடத்தி ஒப்பிட்டு வரைவது. ஒரு சுவரின் சட்டங்கள் முழுவதையும் தரையில் அவற்றின் இடத்தில் அடுக்கி, மட்டம் பார்த்து, தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு மேல்மரத்தின் வடிவத்தைக் கீழ்மரத்துக்கு இறக்குவார்கள். கோணல் மரத்திலும் மயிரிழை இடைவெளி இல்லாத இணைப்பு கிடைக்கும். ஆனால் ஒவ்வொரு இணைப்பும் தன் ஜோடிக்கு மட்டுமே பொருந்தும். அதனால் பழைய சட்டகங்களில் இணைப்பின் இரு பக்கமும் ஒரே எண்ணை உளியால் நேர்கோடுகளாக வெட்டி வைத்திருப்பதைக் காணலாம். மையால் எழுதியிருந்தால் மழையில் போய்விடும். பிரான்ஸில் இன்றும் கற்பிக்கப்படும் இந்த வரைமுறையை யுனெஸ்கோ 2009இல் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இரண்டாவது, ஜப்பானியத் தச்சர்களுடைய வழி. சட்டத்தின் நடுவே மைநூலை அடித்து, எல்லா அளவையும் அந்த நடுக்கோட்டிலிருந்து எடுப்பார்கள். விளிம்பு எப்படி இருந்தாலும் கணக்கு குலையாது. உருண்டை மரத்துக்கும் இதுவே ஏற்றது.

மூன்றாவது வழி அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவியது. புதிதாகச் செய்பவருக்கு இதைத்தான் பரிந்துரைப்பேன். கரடுமுரடான ஒவ்வொரு சட்டத்துக்குள்ளும் அதைவிடச் சற்றுச் சிறிய, குறையற்ற ஒரு சட்டம் ஒளிந்திருப்பதாக வைத்துக்கொள்வது இதன் அடிப்படை. அறுவை ஆலையிலிருந்து வந்த 200 மி.மீ. சட்டங்கள் உண்மையில் 195 முதல் 208 வரை இருக்கும். எல்லாவற்றுக்குள்ளும் 185 மி.மீ. சட்டம் இருப்பதாகக் கொள்ளுங்கள். அடுத்தடுத்த இரண்டு முகங்களை, ஒன்றுக்கொன்று சரியான மூலைமட்டத்தில் இருப்பவையாகப் பார்த்து, ஆதார முகங்களாகக் குறியுங்கள். சுவரில் வெளிமுகம், தரையில் மேல்முகம் என்று வைப்பதே வழக்கம். பலகை அடிக்கப்போவது அந்த முகங்களில்தான். எல்லா அளவும் அங்கிருந்தே புறப்பட வேண்டும். இணைப்பு வரும் இடத்தில் மட்டும் எதிர்முகத்தை 185 என்ற கோடு வரை வெட்டி இறக்கினால், மரம் தடித்திருந்தாலும் மெலிந்திருந்தாலும் தோள் உட்காரும் இடம் ஒன்றாகிவிடும்.

கணக்கு எப்படி எளிதாகிறது பாருங்கள். சட்டகத்தின் வெளி அகலம் 4,500 மி.மீ. இரு பக்கத் தூண்களின் ஆதார முகம் வெளியே. விட்டத்தின் தோளிலிருந்து தோள் வரை 4,500 – (2 × 185) = 4,130. இரு முனையிலும் 100 மி.மீ. நாக்கு வைத்தால் வெட்ட வேண்டிய மொத்த நீளம் 4,330. ஒரே அளவில் ஐந்து விட்டம் வேண்டுமானால் ஐந்தும் இதே எண்தான். எந்த விட்டமும் எந்த ஜோடித் தூணிலும் ஏறும். இதில் அடிக்கடி நடக்கும் தவறு, ஆதார முகத்தைப் பாதி வேலையில் மாற்றிவிடுவது. சட்டத்தைப் புரட்டிய பிறகு எதிர்முகத்திலிருந்து அளந்துவிடுவார்கள். துளை 10 மி.மீ. தள்ளிப்போகும். வெட்டி முடித்த பிறகுதான் தெரியவரும். ஆதார முகங்கள் சந்திக்கும் விளிம்பில் சுண்ணக்கட்டியால் பெரிதாகக் குறி போடுங்கள். எல்லாப் பக்கத்திலிருந்தும் தெரியட்டும்.

முறுக்கிய சட்டத்தை முன்பே கண்டுபிடிக்க, நேர்விளிம்புள்ள இரண்டு குச்சிகளை அதன் இரு முனையிலும் குறுக்கே வைத்து, ஒன்றின் மேல்விளிம்பு வழியாக மற்றதைப் பாருங்கள். விளிம்புகள் இணையாக இல்லையென்றால் முறுக்கு இருக்கிறது. இணைப்பு வரும் இடங்களில் மட்டும் இழைத்துத் திருத்தினால் போதும். முழு நீளத்தையும் இழைத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

துளை–நாக்கு இணைப்பின் அளவுகள்: 200 மி.மீ. வரையுள்ள சட்டங்களில் நாக்கின் கனம் 38 மி.மீ., அதாவது ஒன்றரை அங்குலம். அதைவிடப் பெரியவற்றில் 50. ஆதார முகத்திலிருந்து 50 மி.மீ. தள்ளித் துளை தொடங்கும். கனத்தை உளியின் அகலத்தை ஒட்டித்தான் வைக்கிறார்கள். ஒன்றரை அங்குல உளி ஒன்றே துளையின் அகலத்துக்கு அளவுகோலாகவும் ஆகிவிடும். நாக்கின் நீளம் கடின மரத்தில் 100, மெது மரத்தில் 120. துளை அதைவிட 6 முதல் 10 மி.மீ. ஆழமாக இருக்க வேண்டும். நாக்கின் நுனி துளையின் அடியைத் தொட்டால் தோள் உட்காராது; மரம் சுருங்கச் சுருங்க நுனியிலேயே எடை நிற்கும்.

எடை தாங்கும் விட்டத்தை வெறும் நாக்கை நம்பித் தூணில் விடக் கூடாது. தூணில் 12 முதல் 20 மி.மீ. ஆழத்துக்குப் பள்ளம் வெட்டி விட்டத்தின் முழு முனையும் அதில் உட்காரும்படி செய்ய வேண்டும். மேலே சொன்ன 185 கோடு வரைக்குமான வெட்டு இந்தப் பள்ளத்தைத் தானாகவே தந்துவிடும். பள்ளம் இல்லாவிட்டால் 38 மி.மீ. நாக்கின் அடிவிளிம்புதான் எல்லா எடையையும் வாங்கும்.

துளை வெட்டும்போது முதலில் எல்லைக் கோடுகளைக் கத்தியால் கீறிவிடுங்கள். பென்சில் கோட்டில் உளி எங்கே நிற்பது என்று தெரியாது. கீறலில் அது தானே போய் உட்காரும். துளையின் அகலத்துக்குச் சமமான துரப்பணத்தால் முதலில் இரு முனையிலும் ஒவ்வொன்று, பிறகு நடுவில் வரிசையாகத் துளையிடுங்கள். செங்குத்து பிசகாமலிருக்க ஒரு பக்கத்தில் மூலைமட்டத்தை நிறுத்திப் பார்த்துக்கொள்ளலாம். மீதமுள்ள சுவர்களைப் பட்டை உளியால் சீவ வேண்டும். இழைக்குக் குறுக்கான இரு முனைச் சுவர்களைக் கொட்டாப்புளியால் (மரச்சுத்தியலால்) அடித்தும், நீளச் சுவர்களைக் கையழுத்தத்தால் சீவியும் முடிக்கலாம். நீளச் சுவர்களில் அடித்து இறக்கினால் உளி இழையோடு ஓடிச் சுவருக்குள் புகுந்துவிடும். முனைச் சுவர்கள் உள்ளே அரை மி.மீ. சாய்ந்து குடைந்திருந்தால் பாதகமில்லை. புடைத்திருந்தால் நாக்கு அங்கே தட்டி நிற்கும். அடிக்கும் உளிக்கு 30 பாகை முனை, கையால் சீவும் உளிக்கு 20–25. நறுக்கும் இடம் பளபளப்பாக இல்லாமல் நசுங்கி வெளுத்தால் உளி மழுங்கிவிட்டது என்று பொருள். அப்போது அடியை ஓங்குவதை விட்டுக் கல்லுக்குப் போங்கள்.

நாக்கில் முதலில் வெட்ட வேண்டியது தோள். கோட்டின் வெளிப்பக்கமாக ரம்பத்தை வைத்து, தூர மூலையில் தொடங்கி, மேல்கோடு, எதிர்க்கோடு இரண்டையும் கண்ணில் வைத்துக்கொண்டு இறக்குங்கள். கன்னங்களை, அதாவது நாக்கின் இரு அகலமுகங்களை, அறுக்கலாம், இழை நேராக இருந்தால் பிளந்தும் எடுக்கலாம். பிளப்பது வேகம். ஆனால் முதலில் வெளி ஓரத்தில் பாதிக் கனத்தை மட்டும் பிளந்து இழை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். நாக்கை நோக்கி உள்ளே சரிந்தால் உடனே நிறுத்திவிட்டு ரம்பத்தை எடுங்கள். இல்லையென்றால் ஒரே அடியில் நாக்கின் பாதி போய்விடும். கோட்டுக்கு 3 மி.மீ. விட்டுப் பிளந்து, மீதியை இழைக்குக் குறுக்காகச் சீவி எடுப்பது நல்லது. நுனியின் நான்கு விளிம்பையும் 10 மி.மீ. சரித்துவிடுங்கள்.

பொருத்தம் எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும்? கையால் தள்ளினால் பாதி இறங்க வேண்டும், மீதி கொட்டாப்புளியின் சில தட்டுகளுக்கு இறங்க வேண்டும். ஓங்கி அடித்தால்தான் போகிறது என்றால் துளையின் பக்கச் சுவர் பிளந்துவிடும். நாக்கின் கன்னம் துளையைவிட 1 மி.மீ. மெலிந்திருந்தால் பலம் ஒன்றும் குறைவதில்லை, தோள் சரியாக உட்கார்ந்தால் போதும். மேசை நாற்காலி செய்து பழகியவர்கள் கன்னத்தில் காட்டும் கவனத்தை இங்கே தோளுக்கு மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.

முளை அடிப்பதில்தான் சட்டகம் உயிர்பெறுகிறது. மேல்கீழாக 200 மி.மீ. உள்ள நாக்குக்கு 20 மி.மீ. முளைகள் இரண்டு. தூணின் துளை வாயிலிருந்து சுமார் 38 மி.மீ. உள்ளே முளைத்துளை. நாக்கில் முளைக்கும் நுனிக்கும் இடையே முளையின் குறுக்களவைப் போல் மூன்று மடங்காவது மரம் மிஞ்ச வேண்டும், மெது மரத்தில் நான்கு. 100, 120 என்று நாக்கு நீளம் சொன்னது இதற்காகத்தான். இந்த மிச்சம் போதாவிட்டால் முளை நாக்கின் நுனியைக் கட்டையாகப் பிய்த்துக்கொண்டு வெளியே வரும்.

துளைகளை நேர்கோட்டில் போடாமல் வேண்டுமென்றே சற்று விலக்கிப் போடுவது இந்த வேலையின் நுட்பம். முதலில் நாக்கு இல்லாமல் தூணின் இரு சுவரையும் ஊடுருவித் துளையிட வேண்டும். பிறகு நாக்கைச் செருகி, தோளை இறுக்கி உட்காரவைத்து, அதே துரப்பணத்தின் கூர்முனையால் நாக்கில் புள்ளி வையுங்கள். நாக்கை வெளியே எடுத்து, அந்தப் புள்ளியிலிருந்து தோளை நோக்கிக் கடின மரத்தில் 2, மெது மரத்தில் 3 மி.மீ. தள்ளித் துளையிடுங்கள். இப்போது முளை உள்ளே போகும்போது லேசாக வளைந்து, நாக்கை உள்ளே இழுத்துத் தோளை நெருக்கும். மரம் சுருங்கித் தோள் விலகப் பார்க்கும்போதும் வளைந்த முளை வில்லாகப் பின்தொடர்ந்து இழுக்கும். விலக்கத்தைத் தோளுக்கு எதிர்ப்பக்கமாகப் போட்டுவிட்டால் முளை நாக்கை வெளியே தள்ளும். புதியவர்களிடம் இது சாதாரணமாக நடப்பதால், எந்தப் பக்கம் என்று நாக்கின் மேலேயே அம்புக்குறி போட்டுவிட்டுத் துரப்பணத்தை எடுப்பது நல்லது. விலக்கம் 5 மி.மீ. ஆகிவிட்டால் முளை உள்ளேயே ஒடியும். அடிக்கும்போது இறுகிக்கொண்டே வந்து திடீரென்று இளகினால் அது ஒடிந்ததற்கோ நாக்கின் நுனி பிளந்ததற்கோ அடையாளம். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. உருவி எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

முளைக்கான மரத்தை அறுக்கக் கூடாது, பிளக்க வேண்டும். பிளந்த குச்சியில் இழை முனை முதல் முனை வரை ஓடும். அறுத்ததில் பாதியிலேயே பக்கவாட்டில் வெளியேறிவிடும், அந்த இடத்தில் முறியும். வைரமான கடின மரத்தை, முடிந்தவரை உலர்த்தி, எட்டுப் பட்டையாகச் சீவி, நுனியைக் கூராக்கி வையுங்கள். கடையில் கிடைக்கும் வட்டக் கடைசல் குச்சியில் இழை எப்படி ஓடுகிறது என்று பார்க்காமல் வாங்காதீர்கள். முளைகளை அடித்த கையோடு இருபுறமும் மட்டமாக அறுத்துவிடுவதும் வேண்டாம். ஓரிரு அங்குலம் நீட்டியிருந்தால் உலர்ந்த பிறகு இன்னும் சற்று அடித்து இறுக்கலாம்.

சாய்வுச் சட்டங்கள் இல்லாத சட்டகம் காற்றில் சாயும். துளை–நாக்கு இணைப்பு எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் சுழற்சியைத் தடுக்காது. தூணுக்கும் உத்தரத்துக்கும் இடையே 45 பாகையில், ஒவ்வொரு பக்கமும் 900 மி.மீ. கால் கொண்ட சட்டம் என்றால் தோளிலிருந்து தோளுக்கான மூலைவிட்டம் 1,273 மி.மீ. இது அழுத்தத்தில் நன்றாக வேலை செய்யும், இழுவையில் முளையின் பலம் மட்டும்தான். அதனால் ஒவ்வொரு சுவரிலும் எதிரெதிராக ஜோடியாக வைக்க வேண்டும். ஒரே பக்கம் சாய்த்து வைத்தால் ஒரு பக்கக் காற்றுக்கு மட்டும் தாங்கும். கால்களைக் குட்டையாக்கினால் தூணின் மேல்பகுதியில் வளைவு விசை குவியும், 600 மி.மீ.க்குக் கீழே போவதை நான் ஏற்கமாட்டேன்.

கூரைக்கு வருவோம். ஜோடிக் கைமரங்கள் கீழே இறங்கும்போது சுவரை வெளியே தள்ளும். எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு: ஜோடியின் மேல் பரவியிருக்கும் மொத்த எடையை அகலத்தால் பெருக்கி, முகட்டு உயரத்தின் எட்டு மடங்கால் வகுங்கள். 6 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம், 4 டன் எடை என்றால் ஒவ்வொரு பக்கமும் 1 டன் தள்ளு. அதே எடையில் உயரத்தை ஒன்றரை மீட்டராகக் குறைத்தால் தள்ளு 2 டன். சரிவு குறைந்த கூரை எளிது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. இந்தத் தள்ளைப் பிடிப்பது விட்டம். விட்டத்தை எடுத்துவிட்டுக் கைமரத்தின் பாதி உயரத்தில் குறுக்குச் சட்டம் போட்டால் அறை விசாலமாகத் தெரியும். ஆனால் குறுக்குச் சட்டத்துக்குக் கீழுள்ள கைமரப் பகுதி வளைந்து வெளியே போகும். விட்டம் வேண்டாம் என்றால் முகட்டு வளையை உண்மையாகவே எடை தாங்கும் உத்தரமாக்கி, அதைத் தூண்கள் மேல் நிறுத்துங்கள். முகடு இறங்காவிட்டால் தள்ளும் இருக்காது.

விட்டத்தை உத்தரத்தின் மேல், புறாவின் வாலைப்போல் நுனி விரிந்த ‘புறாவால்’ வெட்டைக்கொண்டு பிடிப்பது அழகான பழைய வழி. பச்சை மரத்தில் இது ஏன் ஏமாற்றும் என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வாலின் அகலம் 150 மி.மீ. அது உலர்ந்து 4 சதவீதம் சுருங்கினால் 6 மி.மீ., பக்கத்துக்கு 3. உத்தரத்தில் வெட்டிய குழியின் அகலமோ உத்தரத்தின் நீளவாக்கில் இருப்பதால் சுருங்கவே சுருங்காது. வாலின் சரிவு 6க்கு 1 என்றால், அந்த 3 மி.மீ. இடைவெளி மூடுவதற்கு விட்டம் 18 மி.மீ. வெளியே நகர வேண்டும். வெட்டியபோது தாள் நுழையாத இணைப்பு ஒரு விரல் அளவு திறந்து நிற்கும். பரிகாரம் எளிது. வாலை ஒரு பக்கம் மட்டும் சரித்து, நேரான மறுபக்கத்தில் ஆப்புக்கு இடம் விட்டு, உலர்ந்த கடின மர ஆப்பை அடித்து வைத்தால், மரம் சுருங்கியதும் ஆப்பை மறுபடி தட்டி இறுக்கலாம். தூணை ஊடுருவி அந்தப் பக்கம் வரும் அரைவால் நாக்குக்கும் இதே முறைதான்.

மரம் நீளம் போதாதபோது ஒட்ட வேண்டியிருக்கும். ஒட்டின் நீளம் சட்டத்தின் ஆழத்தைப் போல் நான்கு மடங்கு. 200க்கு 800 மி.மீ. சாய்வாக வெட்டி, நடுவில் இரண்டு எதிரெதிர் ஆப்புகள் அடித்து இறுக்கும் ஒட்டு ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் தனித்தனிப் பெயர்களில் இருக்கிறது. இழுவைக்கு அதுவே சிறந்தது. ஆனால் எவ்வளவு நுணுக்கமாக வெட்டினாலும், வளைவைத் தாங்குவதில் அது முழு மரத்தின் பக்கத்தில் நிற்காது. அதனால் ஒட்டைத் தூண்களுக்கு நடுவில் வைக்காதீர்கள். தூணுக்கு மேலேயோ, தூணைத் தாண்டிச் சாய்வுச் சட்டம் தாங்கும் இடத்துக்கு அருகிலோ வையுங்கள்.

அளவுக்கு மீறி வெட்டுவதுதான் இந்த வேலையில் நான் மிக மோசமாகக் கருதும் தவறு. 200 × 200 தூணில் ஒரே உயரத்தில் நான்கு பக்கமும் சட்டங்கள் வந்து சேர்கின்றன என்று வையுங்கள். முழு வெட்டுமுகம் 400 சதுர செ.மீ. நான்கு பக்கமும் 15 மி.மீ. பள்ளம், குறுக்கும் நெடுக்கும் 38 மி.மீ. துளைகள். மிஞ்சுவது 174 சதுர செ.மீ., அதுவும் நான்கு தனித்தனி மூலைத் துண்டுகளாக. எதிரெதிர்ச் சட்டங்கள் ஒரு மட்டத்தில், மற்ற ஜோடி அதற்குக் கீழே ஒரு சட்ட ஆழம் இறங்கி இருந்தால் இந்தப் பிரச்சினையே எழாது. வீட்டின் வரைபடத்தைப் போடும்போதே தீர்க்க வேண்டியது இது. உளி எடுத்த பிறகு வழியில்லை. உத்தரத்திலும் இப்படித்தான்: நடுப்பகுதியின் அடிவிளிம்பு இழுவையில் இருப்பதால் அங்கே எந்த வெட்டும் கூடாது. தரைச் சட்டங்களின் நாக்கு உத்தரத்தின் நடு ஆழத்தில் நுழையட்டும். விட்டத்தின் முனையை அடிப்பக்கம் செங்குத்தாக வெட்டிக் குறைத்து உட்காரவைத்தால், அந்த உள்மூலையிலிருந்து இழையோடு பிளவு கிளம்பி நடுவை நோக்கி ஓடும். முழு ஆழத்தையும் பள்ளத்தில் உட்காரவைக்க முடியாவிட்டால் வெட்டை நீண்ட சரிவாக்குங்கள்.

ஜப்பானின் ஹோர்யூஜி கோயிலில் சுமார் 1,300 ஆண்டுப் பழமையான மரக்கட்டடங்களும், இங்கிலாந்தின் கிரெஸ்ஸிங் டெம்பிளில் 13ஆம் நூற்றாண்டுக் களஞ்சியங்களும் இன்றும் நிற்கின்றன. தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொண்டதும், கெட்ட பகுதியை மட்டும் வெட்டி மாற்றியதும் இதில் பெரும்பங்கு. மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழேயே இருந்தால் பூஞ்சை வராது. அடிச்சட்டத்தைத் தரையிலிருந்து 200–300 மி.மீ. உயர்த்திக் கல்லின் மேல் வையுங்கள். தூணின் காலைச் சிமெண்டுக் கலவைக்குள் புதைக்காதீர்கள். அடிச்சட்டத்தில் தூண் நிற்கும் துளை தண்ணீர் தேங்கும் குழியாகிவிடும். அதன் அடியில் 12 மி.மீ. வடிகால் ஓட்டை ஒன்று போட மறக்கவே கூடாது.

சட்டகத்தை எழுப்பும் நாளில் எடையைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். 200 × 200 அளவில் 4 மீட்டர் பச்சை ஓக் ஒன்றே 160 கிலோவுக்கு மேல் இருக்கும். ஒரு குறுக்குச் சட்டகத்தைத் தரையில் கோத்து எழுப்பும்போது அடி வழுக்காமல் கட்டை வைத்து, இருபுறமும் கயிற்றால் பிடித்துக்கொண்டு, நின்றதும் தற்காலிகப் பலகைகளால் சாய்வாக ஆணியடித்து நிறுத்துங்கள். சாய்வுச் சட்டங்களை உத்தரம் இறங்கும் முன்பே அவற்றின் துளைகளில் நிறுத்திவிட வேண்டும். பிறகு செருக வழியில்லை. மூலைவிட்டம் பார்த்த பிறகே முளைகளை முழுதாக அடியுங்கள். 4.5 × 6 மீட்டர் வீட்டுக்கு இரண்டு மூலைவிட்டமும் சரியாக 7.5 மீட்டர்.

இரும்பே கூடாது என்ற பிடிவாதம் வேண்டாம். எடை கீழ்நோக்கி வரும் இடங்களில் மரம் போதும். பலத்த காற்று கூரையை மேலே தூக்கும் இடத்திலும், தூணை அடித்தளத்தோடு கட்டும் இடத்திலும், பெரிய தள்ளை விட்டம் பிடிக்கும் இடத்திலும் முளையை மட்டும் நம்புவது சரியில்லை. அங்கே கம்பியோ பட்டையோ போடுங்கள். ஓக் போன்ற துவர்ப்பு மிகுந்த மரங்களில் சாதா இரும்பு கறுத்து அரிக்கும் என்பதால் துருப்பிடிக்காத எஃகு மட்டும். நிலநடுக்கமோ புயலோ வரும் பகுதியென்றால் வரைபடத்தைக் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரிடம் காட்டிவிட்டு உளியைத் தொடுங்கள்.

சுவரை அடைக்கும்போது சட்டங்களுக்கும் பூச்சுக்கும் இடையே 10 மி.மீ. இடைவெளி விட்டு, மரம் அடங்கிய பிறகு அதை மூடுங்கள். உள்ளே அனலோ ஏசியோ வைத்து முதல் ஆண்டிலேயே வேகமாக உலர்த்தினால் வெடிப்புகள் அகலமாகும். முதல் கோடை கழிந்ததும் எல்லா ஆப்புகளையும் நீட்டி விட்ட முளைகளையும் ஒரு சுற்றுத் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலிப்பவற்றை விட்டுவிடலாம், மந்தமாக ஒலிப்பவற்றை இறுக்க வேண்டும். நீட்டி நிற்கும் முனைகளை இரண்டாவது ஆண்டு முடிந்த பிறகு அறுத்துக்கொள்ளலாம்.